எச்சில் படாத ஞானஸ்நானம்

தங்கச்சி கல்யாணத்துக்கு ஞானஸ்நானச் சான்று வாங்க எங்க பங்குக் கோயில் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். சான்று அஞ்சு நிமிஷத்தில் கிடைத்துவிட்டது. வந்ததுதான் வந்தோம், தாத்தா பேரையும் பார்த்துவிடலாமே என்று கேட்டேன். கோயில்பிள்ளை பீரோவின் அடித்தட்டிலிருந்து ஒரு தோல் அட்டைப் புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டி மேசைமேல் வைத்தார். செல்லரித்த பக்கங்கள். எல்லாம் லத்தீன். பிரெஞ்சுச் சாமியார்கள் எழுதி வைத்தது. தாத்தா பேரு இருந்தது. அவரைப் பெத்தவங்க பேரு, ஞானத்தாய் தகப்பன் பேரு, தண்ணி ஊத்துன சாமியாரின் கையெழுத்து, எல்லாம் இருந்தது. கூடவே, ரோமன் எழுத்தில், எங்க சாதிப் பேரும் இருந்தது.

தலை நனைஞ்சிருக்கு. மை நனையல.

இப்போது அந்தத் தங்கச்சிக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. தாய்மாமன் நீதான் ஞானத்தகப்பனா நிக்கணும் என்று சொல்லிவிட்டாள். நிற்பதா வேண்டாமா என்று மூணு வாரமாய் யோசித்துக்கொண்டிருக்கிறேன். கடவுள் உண்டா இல்லையா என்ற கேள்வியை இங்கே இழுக்கப் போவதில்லை. அதை எப்போதோ எனக்குள் முடித்தாயிற்று, எந்தப் பக்கமாக என்பது உங்களுக்கு வேண்டாம். என் கேள்வி வேறு. எங்க தாத்தாவுக்கும் அப்பனுக்கும் எனக்கும் தலையில் ஊற்றிய அந்தத் தண்ணீருக்கு என்ன அர்த்தம்? அதை ஊற்றியவர்கள் தங்கள் சொந்த வேதத்தையாவது ஒழுங்காகப் படித்தார்களா?

ஞாயிற்றுக்கிழமை ஞானோபதேச வகுப்பில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது இது: ஞானஸ்நானம் ஜென்மப் பாவத்தைக் கழுவுகிறது. ஜென்மப் பாவம் என்ற கருத்தை அழுத்தமாக நிலைநாட்டியவர் வட ஆப்பிரிக்காவில் ஹிப்போ நகரத்து ஆயராக இருந்த அகுஸ்தீன். ஆதாமின் குற்றம் பிறப்பின் வழியே ஒவ்வொரு பிள்ளைக்கும் வருகிறது, அதனால்தான் பச்சைக் குழந்தைக்கும் ஞானஸ்நானம் வேண்டும் என்று 5-ஆம் நூற்றாண்டில் பெலாஜியுஸின் ஆட்களோடு மல்லுக்கட்டினார். அங்கே அது மனித குலம் முழுவதையும் ஒரே குற்றத்தில் சேர்த்துக் கட்டுகிற பேச்சு. ராசாவும் பாவி, அடிமையும் பாவி. நம்ம ஊருக்கு வரும்போது அது என்னவாகிறது என்று பாருங்கள். பிறப்பாலேயே இழிவு என்று ஏற்கெனவே ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிற ஒரு சேரிப் பிள்ளையிடம் வந்து, நீ பிறக்கும்போதே அழுக்கோடு பிறந்தாய் என்கிறார்கள். ஜென்மம் என்ற சொல்லே கர்ம வினைக் கடையிலிருந்து வாங்கியது. பிறப்பின் வழியே தலைமுறை தலைமுறையாய் ஒட்டிக்கொண்டு வருகிற பாவம் இந்த மண்ணில் ஒன்று உண்டுதான். அதன் பேரு சாதி. அது கழுவப்பட வேண்டியது எங்கள்மேல் இல்லை. அதைத் தொட்டுப் பேசிய உபதேசம் ஒன்றை நான் கேட்டதில்லை.

நான் தமிழ் எம்.ஏ. படித்தவன். எதையும் சொல்லிலிருந்து தொடங்குவதுதான் பழக்கம். ஞானஸ்நானம் என்பது வடசொல் கூட்டு. ஸ்நானம் என்றாலே சுத்தம் கண்ணுக்கு முன்னால் வந்துவிடும். படித்துறை, ஈர வேட்டி, மடி, ஆசாரம். சாதிக்குக் குளியல் புதிதா என்ன? குளித்துத் தீட்டைக் கழித்துக்கொள்வது சாதியின் அன்றாட வேலை. குளித்தால் சாதி சாகாது, புதுப்பித்துக்கொள்ளும். பின்னால் திருமுழுக்கு என்று மாற்றினார்கள். 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பு விவிலியத்திலும் திருமுழுக்குத்தான். தமிழாக்கிவிட்டோம் என்ற திருப்தியோடு அந்தச் சொல்லுக்குள் இருப்பதை யாரும் தோண்டிப் பார்க்கவில்லை.

கிரேக்க மூலச் சொல் பாப்டிசைன். அமிழ்த்துவது, முக்குவது. கப்பல் மூழ்குவதற்கும் அதே வினையைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். யூத வரலாறு எழுதிய யோசேபுஸ், ஏரோது மன்னன் தன் மச்சினன் அரிஸ்தொபூலுவை எரிகோவின் குளத்தில் ஆள் வைத்து முக்கிச் சாகடித்ததைச் சொல்லும் இடத்திலும் இந்தச் சொல்லைத்தான் போடுகிறார். கொலை அது. குளியல் அல்ல.

பவுல் இந்தச் சொல்லின் கொலை பக்கத்தைத்தான் பிடித்துக்கொண்டார். ரோமருக்கு எழுதிய கடிதத்தின் 6-ஆம் அதிகாரத்தை எடுத்து யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம். அங்கே அழுக்கு கழுவுகிற பேச்சே இல்லை. ஞானஸ்நானம் பெற்றவர் கிறிஸ்துவின் சாவுக்குள் முக்கப்படுகிறார், அவரோடு புதைக்கப்படுகிறார், பழைய ஆள் சிலுவையில் அறையப்பட்டு ஒழிந்துபோகிறார் என்பதுதான் வாதம். அவரோடு இணைந்திருப்பதைச் சொல்ல அங்கே பவுல் போடுகிற சொல்லுக்கு ஒன்றாக முளைத்து ஒன்றாக வளர்வது என்று பொருள். தொட்டியும் செடியும் போல இல்லை, ஒட்டுக்கட்டிய கிளை போல. ஒரு சாறு ஓடணும். கிறிஸ்துவுக்குள் என்று அவர் கடிதங்களில் திரும்பத் திரும்ப வருவதும் இதைத்தான். பவுலின் மையமே இந்த ஐக்கியம்தான், மற்ற கோட்பாடெல்லாம் அதற்குள் அடங்கியது என்று ஆல்பர்ட் ஷ்வைட்சர் 1930-இலேயே ஒரு முழுப் புத்தகம் எழுதி வாதிட்டிருக்கிறார்.

இதற்குத் தமிழில் சொல் இல்லையா? இருக்கு. எங்க ஆயா வாயிலேயே இருந்தது. சொத்துத் தகராறில் பேச்சுவார்த்தை அறுந்துபோன தன் தம்பியைப் பற்றிக் கேட்டால், அவனத்தான் அன்னைக்கே தலமுழுகிட்டனே என்று சொல்லும். உயிரோடு இருக்கிறவரைச் செத்தவராகக் கணக்கு வைத்து, எழவு வீட்டுக் குளியலைக் குளித்து, உறவை அறுத்துக்கொள்வது. பவுல் சொன்னது இந்தத் தலைமுழுக்கு. நேற்றுவரை நான் யாராக இருந்தேனோ, என் பிறப்பு எனக்கு எந்த மேடையைக் கொடுத்ததோ, அதைச் செத்ததாக எண்ணி முழுகிவிட்டு வெளியே வருவது. நமக்குக் கிடைத்தது என்ன? தண்ணி தெளிச்சு விட்டது. அதுக்கும் தமிழில் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும்.

சரி, இது தனிமனிதன் ஆன்மாவுக்குள் நடக்கிற மறைபொருள், சமூக வழக்கங்களோடு இதைப் போட்டுக் குழப்பாதே என்பார்கள் ஐயாமார். 400 வருஷமாகச் சொல்கிற பதில்தான் இது. இந்த இடத்தில்தான் கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தை வரிசையாகப் படிக்கச் சொல்கிறேன். ஞானஸ்நானம் பெற்றவர்கள் கிறிஸ்துவை உடுத்திக்கொண்டார்கள், இனி யூதன் கிரேக்கன் இல்லை, அடிமை சுதந்திரன் இல்லை, ஆண் பெண் இல்லை என்று 3-ஆம் அதிகாரத்தில் வருகிறது. எல்லோரும் மனப்பாடமாய் ஒப்பிக்கிற பகுதி. அதற்கு முந்திய அதிகாரத்தில் என்ன நடக்கிறது? அந்தியோக்கியாவில் ஒரு பந்தித் தகராறு. பேதுரு அதுவரை புறவினத்தாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து ஆசாரமான ஆட்கள் வந்ததும் பயந்துகொண்டு பந்தியைவிட்டு எழுந்து போய்விட்டார். பவுல் எல்லாருக்கும் முன்னால் அவரை முகத்துக்கு நேரே கேட்டார். திருச்சபையின் முதல் தலைவர் என்று கத்தோலிக்கர் சொல்கிற ஆளை! ஞானஸ்நானத்தைப் பற்றிய அந்தப் பெரிய வாசகம் தியான மண்டபத்தில் பிறந்ததில்லை. யாரோடு யார் சாப்பிடுவது என்ற சண்டையின் தொடர்ச்சியாகப் பிறந்தது. நம்ம மொழியில் சொன்னால் சமபந்திச் சண்டை.

பவுலை நான் தலையில் தூக்கி வைத்து ஆடவில்லை. ஒநேசிமு என்ற அடிமையைக் கையில் ஒரு கடிதத்தோடு எஜமான் பிலேமோனிடமே திருப்பி அனுப்பியவர் அவர். சகோதரனாக ஏற்றுக்கொள் என்றார், விடுதலை செய் என்று பச்சையாகச் சொல்லவில்லை. அந்த வழுக்கலைப் பிடித்துக்கொண்டுதான் அடிமை வைத்திருந்தவர்கள் நூற்றாண்டுக் கணக்கில் பிழைத்தார்கள். ஆனாலும் அவர் எழுதி வைத்த வாசகம் அவரைவிடப் பெரியது.

இனி நம்ம ஊருக்கு வருவோம். 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி காவி உடுத்தினார், பூணூல் போட்டார், பார்ப்பனச் சமையல் வைத்துக்கொண்டார். சாதி என்பது சமூக அந்தஸ்து மட்டும், மதத்தோடு சம்பந்தமில்லாதது என்று ரோமுக்கு விளக்கம் எழுதினார். 1623-இல் போப் 15-ஆம் கிரகோரி பூணூலுக்கும் குடுமிக்கும் அனுமதி கொடுத்தார். 1640 முதல் தாழ்த்தப்பட்ட சாதிகளுக்கென்று பண்டாரசாமிகள் என்ற தனி வகைச் சாமியார்கள் வந்தார்கள். ஒரே சபை, ஒரே ஞானஸ்நானம், ஊற்றுகிற கை மட்டும் வேறு வேறு.

இந்த வரலாற்றில் என்னைத் தூங்கவிடாமல் செய்கிற விஷயம் ஒன்று உண்டு. எச்சில். பழைய லத்தீன் முறைப்படி ஞானஸ்நானத்தில் தண்ணீர் மட்டும் இல்லை. குருவானவர் குழந்தையின் முகத்தில் மூச்சை ஊதுவார், நாக்கில் உப்பு வைப்பார், தன் எச்சிலை விரலில் தொட்டுக் காதிலும் மூக்கிலும் தடவுவார். இயேசு எச்சில் தொட்டுச் செவிடனைக் குணமாக்கினார் என்று மாற்கு 7-ஆம் அதிகாரத்தில் வருகிறதே, அதன் நினைவாக. மதுரை மிஷன் சேசு சபையினர் எச்சிலையும் மூச்சையும் விட்டுவிட்டார்கள். இந்த மக்களுக்கு எச்சில் என்றால் தாங்க முடியாத அருவருப்பு என்று காரணம் சொன்னார்கள். எந்த மக்களுக்கு? எச்சில் இலையை எடுக்க வைத்தவர்களுக்கா, எடுத்தவர்களுக்கா? எச்சில் என்ற ஒரே சொல்லை வைத்து ஒரு நாட்டையே மேல் கீழ் என்று பிரித்துப் போட்டிருந்த இடத்தில், ஒரு மனுஷனின் வாய் ஈரம் இன்னொரு மனுஷனின் தோலில் படுகிற அந்த ஒரு கணம்தான் ஞானஸ்நானத்திலேயே பெரிய கலகம். அதைத்தான் பார்த்துப் பார்த்துப் பிய்த்து எடுத்திருக்கிறார்கள். கிறிஸ்துவோடு இணைப்பு என்றால் உடம்போடு உடம்பு. கிறிஸ்துவின் எச்சிலே தீட்டு என்றால் அப்புறம் எந்தக் கிறிஸ்துவோடு இணைவது?

1704 ஜூனில் போப்பின் தூதர் தூர்னோன் புதுச்சேரியில் ஓர் ஆணை எழுதினார். எச்சில், உப்பு, மூச்சு எதையும் விடக்கூடாது என்றது அது. நோயில் கிடக்கிற பறையர்களின் வீட்டுக்குள்ளேயே போய்த் திருவருட்சாதனங்களைக் கொடுக்கவேண்டும் என்றும் சொன்னது. அப்படியானால் அதுவரை எப்படி நடந்தது? சாகக் கிடக்கிறவரைத் தூக்கிக்கொண்டு வெளியே வரணும். சாமியார் குடிசைக்குள் குனிய மாட்டார். இந்த ஆணையை எதிர்த்து 40 வருஷம் வழக்காடினார்கள். நடுவில் சலுகைகள் வாங்கினார்கள். 1744-இல் போப் 14-ஆம் பெனடிக்ட் தீர்ப்புச் சொன்னபோது என்ன வழி கண்டுபிடித்தார்கள் தெரியுமா? பறையர்களுக்கென்று தனியாகச் சில மிஷனரிகளை ஒதுக்கிவிட்டார்கள். பிரச்சினை தீர்ந்தது. பேதுரு பந்தியைவிட்டு எழுந்து போனார் என்றால் இவர்கள் பந்தியையே ரெண்டாக்கிவிட்டார்கள்.

அதற்கு அடுத்த வருஷமே, 1745 அக்டோபரில், புதுச்சேரிச் சம்பாக் கோயிலில் தங்களைப் பிரித்து வைத்திருந்த சுவரை எடுக்கச் சொல்லிப் பறையர்கள் திரண்டு போய்ச் சாமியாரிடம் கேட்டார்கள். நாங்களும் உங்கள் சீடர்கள்தானே என்பது அவர்கள் நியாயம். சுவர் இடிந்தது. சாதிக் கிறிஸ்தவர்கள் கூடிக் கொதித்தார்கள். இதெல்லாம் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் இருக்கிறது. பிள்ளைவாள் நம்ம பக்கத்து ஆள் இல்லை, ஆனாலும் எழுதி வைத்தார். போப்பின் ஆணைகளை விவரிக்கிற திருச்சபை வரலாற்றுப் புத்தகங்களில் இந்த ஜனங்களுக்கு எத்தனை வரி கொடுத்திருக்கிறார்கள் என்று நீங்களே புரட்டிப் பாருங்கள். என்னைக் கேட்டால் ரோமர் 6-க்கு இந்த நாட்டில் எழுதப்பட்ட முதல் உரை அந்தச் சுவர் இடிப்புதான்.

சீர்திருத்தச் சபையார் இதையெல்லாம் படித்துச் சிரிக்க வேண்டாம். பழைய ஆதாம் தினமும் தண்ணீரில் மூழ்கிச் சாகவேண்டும் என்று லூத்தரின் ஞானோபதேசம் சொல்கிறது. அதைத் தமிழில் கொண்டுவந்த தரங்கம்பாடி மிஷனிலேயே சூத்திரரும் பறையரும் தனித்தனியாக உட்கார்ந்தார்கள். 1733-இல் வேளாளரான ஆரோன் முதல் தமிழ்ப் போதகராக அபிஷேகம் பெற்றார். தஞ்சைப் பக்கத்தில் சபைகளை உருவாக்கிய உபதேசியார் ராஜநாயக்கனுக்கு அது கடைசிவரை கிடைக்கவில்லை. அவர் பறையர். அவர் கையால் நற்கருணை வாங்க மற்றவர்கள் வரமாட்டார்கள் என்று தயங்கினார்கள். 1833-இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் சாதியை உடனே ஒழிக்கச் சொல்லிச் சுற்றறிக்கை விட்டபோது தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் சாதிக் கிறிஸ்தவர்கள் கோயிலைவிட்டு எழுந்து போனார்கள். 1850-இல் சென்னை மிஷனரி மாநாடு ஒரு நல்ல காரியம் செய்தது. எந்தச் சாதிக் கிறிஸ்தவரோடும் உட்கார்ந்து சாப்பிடத் தயாராக இல்லாத ஆளுக்கு ஞானஸ்நானம் கிடையாது என்று தீர்மானித்தது. அந்தியோக்கியா மறுபடி வந்த மாதிரி. லைப்சிக் லுத்தரன் மிஷன் இதில் சேர மறுத்துவிட்டது. அவர்களும் பழைய பாட்டைத்தான் பாடினார்கள்: சாதி சமூக வழக்கம்.

இந்தப் பாட்டுக்கு ஒரே பதில்தான். ஆன்மாவுக்குத்தான் ஞானஸ்நானம் என்றால் தண்ணீர் எதுக்கு? எண்ணெய் எதுக்கு? வெள்ளைத் துணி எதுக்கு? உடம்பின்மேல்தானே செய்கிறீர்கள்? சாதியும் உடம்பில்தான் இருக்கிறது. தொடுவதில், சாப்பிடுவதில், பெண் கொடுப்பதில், புதைப்பதில். கிறிஸ்துவை உடுத்திக்கொள்வது என்ற பேச்சை, தோளில் துணி போடக்கூடாது என்று தடுக்கப்பட்டிருந்த தென் திருவிதாங்கூர்ப் பெண்கள் நேராகவே புரிந்துகொண்டு சீலையை எடுத்துப் போட்டார்கள் என்றுதான் நான் வாசிக்கிறேன். அரசு அனுமதி அறிவித்தது 1859-இல். அவர்களுக்கு எந்த வேத அறிஞரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நம்முடைய தலித் இறையியலாளர்கள்மேலும் எனக்கு ஒரு குறை உண்டு. அரசரடி இறையியல் கல்லூரியிலிருந்து பரட்டை என்கிற தியாபிலஸ் அப்பாவு ஒரே உலையில் பொங்கி ஒன்றாகச் சாப்பிடுவதையே நற்கருணையின் பொருளாக எடுத்து வைத்தார். பறையையும் நாட்டுப்புற மெட்டையும் கோயிலுக்குள் கொண்டுவந்தார். பெரிய காரியம். ஆனால் பந்திக்குப் போகிற வாசல் ஞானஸ்நானம். அந்த வாசலில் நின்று கேள்வி கேட்டவர்கள் குறைவு. எல்லோரும் சிலுவைக்கும் மேசைக்கும் போய்விட்டோம். தொட்டியைச் சாமியார்களிடமே விட்டுவிட்டோம்.

விட்டதன் விளைவை அரசாங்கம் அறுவடை செய்கிறது. 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியாக முடியாது என்றது. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது. கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் திறக்கவில்லை. 1985-இல் சூசை வழக்கு. சென்னை நடைபாதையில் செருப்புத் தைத்துக்கொண்டிருந்தவர், மற்றத் தொழிலாளிகளுக்குக் கிடைத்த இலவசப் பெட்டிக்கடை தனக்கும் வேண்டும் என்று கேட்டார். மதம் மாறிய பிறகும் அதே அளவு இழிவு தொடர்கிறது என்று நிரூபிக்கவில்லை என உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. அவர் கையில் பிடித்திருந்த செருப்பு போதுமான சாட்சி இல்லையாம். 2024 நவம்பர் 26-இல், புதுச்சேரியில் அரசு வேலைக்காகப் பட்டியல் சாதிச் சான்று கேட்ட ஒரு பெண்ணின் மேல்முறையீடும் தள்ளுபடி ஆனது. கைக்குழந்தையாக இருந்தபோது அவர் தலையில் விழுந்த ஞானஸ்நானத் தண்ணீர் அவருக்கு எதிரான சாட்சியங்களில் ஒன்று.

இந்த வேடிக்கையைக் கவனியுங்கள் தோழர்களே. பவுலை அப்படியே நம்புகிற ஒரே நிறுவனம் இந்த நாட்டில் அரசாங்கம்தான். ஞானஸ்நானம் வாங்கியதும் சாதி செத்துவிட்டது என்று அது அடித்துச் சொல்கிறது, சலுகையைப் பிடுங்குவதற்காக. சபையோ பவுலை ஞாயிறுதோறும் வாசித்துவிட்டு, சாதியைக் கல்லறைவரை கூட்டிக்கொண்டு போகிறது. எறையூரில் 2008 மார்ச்சில் என்ன நடந்தது? பொதுவழியில் சவம் கொண்டுபோக முடியவில்லை, எங்களுக்குத் தனிப் பங்கு கொடுங்கள் என்று தலித் கிறிஸ்தவர்கள் கேட்டார்கள். வன்னியக் கிறிஸ்தவர்கள் வீடுகளைத் தாக்கினார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ரெண்டு உயிர் போனது. ரெண்டு தரப்பும் ஒரே தொட்டித் தண்ணீரில் நனைந்தவர்கள். திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் செத்தவர்களுக்கும் நடுவே சுவர் நின்றது. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட கொள்கை அறிக்கையிலேயே, 1 கோடியே 90 லட்சம் கத்தோலிக்கரில் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித்துகள் என்றும், தீண்டாமை சபைக்குள்ளேயே இருக்கிறது என்றும் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

1956 அக்டோபர் 14-இல் நாக்பூரில் அம்பேத்கர் செய்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். 22 உறுதிமொழிகள். எதை விடுகிறோம் என்று ஒவ்வொன்றாகப் பேர் சொல்லி விட்டார்கள். கிறிஸ்தவ ஞானஸ்நானத்திலும் விட்டுவிடுகிற பகுதி ஒன்று இருக்கத்தான் செய்கிறது. சாத்தானை விட்டுவிடுகிறீர்களா, அவன் செயல்களை விட்டுவிடுகிறீர்களா, அவன் மாயக் கவர்ச்சிகளை விட்டுவிடுகிறீர்களா என்று மூணு முறை கேட்பார்கள். பெற்றோரும் ஞானப் பெற்றோரும் மூணு முறை பதில் சொல்லணும். இந்த மண்ணில் சாத்தானுக்கு என்ன பேரு என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. ஊர்த் தெருக்காரர் வீட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிற அன்று, சாதியை விட்டுவிடுகிறீர்களா என்று ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேட்டால் எத்தனை பேர் பிள்ளையைத் திருப்பித் தூக்கிக்கொண்டு போவார்கள்! 1850-இல் மிஷனரிகளுக்கு இருந்த அந்தக் கொஞ்சத் துணிச்சல்கூட இன்றைக்கு ஒரு ஆயருக்கும் இல்லை.

இதையே எங்க பங்குச் சாமியாரிடம் நேரில் போய்ச் சொன்னேன். நல்ல மனுஷன், வயசு என்னைவிடக் கம்மி. ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், சடங்கு நூலில் இல்லாததை நானா சேர்க்க முடியாது தம்பி, ஆனா மறையுரையில வேணும்னா சொல்றேன் என்றார். எச்சில் இப்போ உண்டா சாமி என்று கேட்டேன். 1969 புதுச் சடங்கில் எடுத்துவிட்டார்கள், கட்டைவிரலால் காதையும் வாயையும் தொட்டால் போதும் என்றார். ரோமே எடுத்துவிட்டது. 1704 ஆணையில் வேண்டும் என்று சொன்ன அதே ரோம்.

நிற்கிறேன் என்று தங்கச்சிக்குச் சொல்லிவிட்டேன். சாத்தானை விட்டுவிடுகிறீர்களா என்று கேட்கும்போது நான் என்ன பதில் சொல்லுவேன் என்பதைச் சாமியாரிடம் முன்கூட்டியே சொல்லவும் சொல்லிவிட்டேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. நேற்று ராத்திரி தங்கச்சி போன் பண்ணினாள். புள்ளைக்குக் கோயில்ல ஆக்னஸ்னு வெக்கலாம்ணே, மாமியாருக்கு அதான் ஆசை, பொறப்புச் சான்றுல என்ன பேரு எழுதறது, பின்னால சாதிச் சான்று கேட்டா சிக்கலாயிடுமா என்று கேட்டாள். இன்னும் பதில் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் நகராட்சியில் எழுதிக் கொடுக்கணும்.